சோதனைச் சாவடியில் ஒரு துண்டுக் கருப்பட்டி

போன வருஷத்துக்கு முந்திய வருஷம், ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு காலை. கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து பொரளைக்குப் போகும் பஸ்ஸில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மாவுக்கு இரத்தப் பரிசோதனை. எனக்கு வேலைக்குப் போகாமலிருக்க ஒரு சாட்டு.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படிப்பும் நானும் ஓ.எல். பரீட்சையோடு ஒருவரையொருவர் கும்பிட்டுப் பிரிந்துவிட்டோம். காலி வீதியில், வெளிநாட்டுக்கு டெலிபோன் கோல் எடுத்துக் கொடுக்கும் கடையொன்றில் நிற்கிறேன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அதை அம்மா ஒருநாளும் மறுத்ததில்லை.

அம்மாவுக்குச் சலரோகம், சனம் சொல்கிற சீனி வருத்தம், வந்து சில வருஷமாகிறது. பொரளையில் ஒரு தனியார் கிளினிக்கில்தான் காட்டுகிறோம். டொக்டர் எங்கள் தமிழ் ஆள். கெட்டிக்காரர் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அம்மா கதிரையில் இருக்க முதலே மருந்துத் துண்டில் பாதி எழுதியிருப்பார். “கால் விறைக்குது டொக்டர்” என்றால், “சோத்தைக் குறையுங்கோ” என்பார். “இந்தக் குளிசை போட்டால் ஒரு மாதிரிக் கிடக்கு” என்றாலும், “சோத்தைக் குறையுங்கோ.” ஒருமுறை அம்மா கதவடியில் செருப்பு மாறிப் போட்டுவிட்டார். “டொக்டரிட்டைக் கேப்பமே அம்மா? அதுக்கும் சோத்தைத்தான் குறைக்கச் சொல்லுவார்” என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது.

ஆனால் அந்த டொக்டருக்கு அம்மா நடுங்குவார். சீனி கூடியிருந்தால் வரிசையில் இருக்கும் எல்லாருக்கும் கேட்க ஏசுவார் அவர். அதனால் பரிசோதனை நெருங்கினால் அம்மா சோற்றைக் கண்ணிலும் காட்டமாட்டார். பாகற்காயும் வெந்தயத் தண்ணீரும்தான். நான் ஓ.எல்.லுக்குக் கடைசி வாரத்தில் படித்த மாதிரித்தான். என்னுடைய முடிவு எல்லாருக்கும் தெரியும்.

அந்த மாதம் டொக்டர் குளிசையை மாற்றிக் கொஞ்சம் கூடியதாகக் கொடுத்திருந்தார். “என்ன நடந்தாலும் இதை ஒருநாளும் விடக் கூடாது” என்றார். வெளியே வந்தால், இரத்தம் எடுக்கும் பிள்ளை, “வெறும் வயித்தோட வாங்கோ அம்மா, தேத்தண்ணியும் குடிக்கப்படாது” என்றாள். அம்மா இரண்டு பேரின் சொல்லையும் தட்டவில்லை. காலையில் குளிசையை விழுங்கினார். ஒரு வாய் தேத்தண்ணீரும் குடிக்கவில்லை.

சிறுநீரும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதை இருமல் மருந்துப் போத்தலொன்றில் விட்டு, பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் ஒரு பையையும் சுற்றி, ஹேண்ட்பேக்கின் அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

“ஆமிக்காரன் கேட்டா என்னெண்டு சொல்லப் போறீங்கள் அம்மா? தோடம்பழ ஜூஸ் எண்டோ?”

“வாயை மூடடா மூதேவி. பஸ்ஸுக்குள்ள சனம் இருக்கு.”

பாமன்கடை தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் எங்கோ ஏதோ பிரச்சினையாம். வாகனங்களை ஒவ்வொன்றாகத்தான் விட்டார்கள். ஊர்ந்து ஊர்ந்து சோதனைச் சாவடிக்குப் போய்ச் சேர வெயிலும் ஏறிவிட்டது. எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. சண்டைக் காலத்தில் நாங்கள் தினமும் செய்கிற வேலைதான், பல்லுத் தீட்டுகிற மாதிரி.

பெண்களின் வரிசையில் ஒரு பொலிஸ்காரப் பெண் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முறை வந்தது. அம்மா பையைக் கொடுக்கவில்லை. வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

போத்தலை எடுத்துக் காட்ட வெட்கத்தில் நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். “குடுங்கோ அம்மா, அவை குடிக்கமாட்டினம்” என்று இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன். வழக்கமாக இதற்கு ஒரு பேச்சு வரும். வரவில்லை. அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். தலையில் வாளித் தண்ணீர் ஊற்றிய மாதிரி வியர்வை. கையிரண்டும் நடுங்கின.

பொலிஸ்காரப் பெண் பையைப் பறித்துத் திறந்தாள். சுற்றுக்குள் சுற்றாகப் போத்தல் வந்தது. “மொகத மே?” என்ன இது என்று அதட்டினாள். அம்மா அவளைப் பார்த்து, சுத்தத் தமிழில், “கதவைப் பூட்டிப்போட்டு வா பிள்ளை, மழை வரப் போகுது” என்றார்.

எங்கள் அம்மா தடுமாறிக் கதைக்கிற ஆளே இல்லை.

அவர்கள் கண்ணுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டை. வியர்த்து நடுங்கும் பெண். கேட்டதற்குப் பதில் இல்லை. ஒளித்து வைத்த போத்தலில் மஞ்சள் தண்ணீர். பொலிஸ்காரப் பெண் போத்தலை மெல்ல நிலத்தில் வைத்துவிட்டுப் பின்னால் போனாள். வரிசையும் பின்னால் போனது. ஆமிக்காரர்கள் துப்பாக்கியை நீட்டினார்கள். நான் ஓடப் பார்த்தேன். ஒருவன் என் சட்டையைப் பிடித்து, பக்கத்தில் நின்ற லொறியொன்றோடு சாத்தி, நெஞ்சில் துப்பாக்கியை வைத்தான். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் கடையில் கோலுக்குச் சல்லி கேட்கிற சிங்களம்தான். அதுவும் அந்த நேரம் வாயில் வரவில்லை. வீதி நடுவில் அம்மா தனியாக ஆடிக்கொண்டு நின்றார். இன்னும் ஓர் அடி அவர் முன்னால் வைத்தால் சுடுவார்கள் என்று நினைத்தேன்.

ஆண்களின் வரிசையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். வெள்ளைத் தொப்பி, சாரம், குட்டை ஆள். எங்கள் பஸ்ஸில் வந்த முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்போம்.

“மகன், ஒங்கட உம்மாக்கு சீனி வருத்தமா?”

“ஓம் நானா!”

“காலைல சாப்பிட்டாங்களா?”

“இல்லை, குளிசை மட்டும் போட்டவ!”

அவ்வளவுதான். அவர் ஆமிக்காரர்களைப் பார்த்துச் சிங்களத்தில் சத்தம் போட்டு விளக்கினார். இந்த அம்மா நோயாளி, சீனி இறங்கிவிட்டது, இனிப்புக் கொடுக்காவிட்டால் செத்துப்போவார் என்று. சொல்லிக்கொண்டே சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

“அத உஸ்ஸன்ன!” கையைத் தூக்கு என்று ஒரே நேரத்தில் பல குரல்கள். அம்மா பக்கம் இருந்த துப்பாக்கிகளெல்லாம் அவர் பக்கம் திரும்பின. அவர் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கினார். மற்றக் கையை வெளியே எடுக்கவுமில்லை, உள்ளே விடவுமில்லை. பிறகு இரண்டே விரலால் ஒரு கடதாசிச் சுருளை மெல்ல மெல்ல இழுத்தார். உள்ளே ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டி.

ஆமிக்காரனுக்கு நம்பிக்கை வரவில்லை. முதலில் நீ தின்று காட்டு என்றான். மனுஷன் பாதியைக் கடித்து மென்று விழுங்கி, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தும் காட்டினார். பிறகுதான் அம்மாவிடம் போக விட்டான்.

அம்மா முதல் துண்டைத் துப்பிவிட்டார். “நஞ்சு தாறாங்கள்” என்று அழுதார். “நஞ்சில்ல தங்கச்சி, கருப்பட்டி. மெல்லுங்க, நல்லா மெல்லுங்க” என்று அவர் அம்மாவை நிலத்தில் இருத்தி, தானும் குந்தி, அம்மாவின் தலையைத் தாங்கிக்கொண்டு, துண்டு துண்டாகக் கொடுத்தார். என்னைப் பிடித்திருந்த ஆமிக்காரனும் கையை எடுத்துவிட்டான். ஓடிப்போய் அம்மாவின் பக்கத்தில் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கண் தெளிந்தது. சுற்றிவரப் பார்த்தார்.

“ஏனடா எல்லாரும் என்னையே பாத்துக்கொண்டு நிக்கினம்? சாறி கீறி விலகியிருக்கோ?”

நான் சிரித்தேன். பிறகு அழுதேன். இரண்டும் சேர்ந்து வந்தது என்பதுதான் சரி. பொலிஸ்காரப் பெண் போத்தலை மோந்து பார்த்து, விஷயம் விளங்கி, இரண்டு விரலால் தூக்கிப் பைக்குள் திரும்ப வைத்தாள். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நின்றாள்.

பஸ்ஸில் நானா எங்கள் பக்கத்தில் வந்து இருந்தார். “எனக்கும் இப்பிடி வந்தீக்கி மகன். பஸ்ஸுல. ஆடுறதப் பாத்துட்டு, தொப்பியும் போட்டுக்கிட்டுக் குடிச்சீக்கான்னு செல்லி எறக்கி உட்டுட்டாங்க. அந்த நாளையிலீந்து கருப்பட்டி இல்லாம நான் வெளிய எறங்குறல்ல.” அவரும் எங்கள் டொக்டரிடம்தான் போய்க்கொண்டிருந்தார். அவருக்கும் அன்றைக்கு வெறும் வயிற்றுப் பரிசோதனை என்று அப்போது எனக்குத் தெரியாது.

கிளினிக்கில் இரத்தம் கொடுத்து, முடிவு வந்ததும் அவர் முதலில் உள்ளே போனார். கதவு சாத்தியிருந்தும் டொக்டரின் சத்தம் கேட்டது.

“சாப்பிட்டிட்டு வந்திருக்கிறீர்! வெறும் வயிறு எண்டால் என்னெண்டு தெரியாதோ? போனமுறையும் சீனி கூட, இந்தமுறையும் கூட. இனி இன்சுலின் ஊசிதான்.”

“மன்னிச்சுக்கோங்க டொக்டர்” என்ற ஒரு குரல் மட்டும்.

வெளியே வந்தவரிடம், “ஏன் நானா நடந்ததைச் சொல்லேல்ல?” என்று கேட்டேன்.

“வாணாம் மகன். கத செல்லப் போனா ஏச்சு இன்னும் ரெண்டு கூடும்.”

நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நம்பர் கூப்பிட முதலே உள்ளே போய்விட்டேன். அம்மா பின்னால், “டேய், டேய்” என்றார்.

“டொக்டர், இவர் திண்டது எங்கட அம்மாவுக்காக” என்று தொடங்கி முழுவதையும் கொட்டினேன். வழக்கமாக என் கதையில் பாதி பகிடி இருக்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. “நீங்கள் குளிசையை விடாதேங்கோ எண்டீங்கள். வெளியில இரத்தம் எடுக்கிற பிள்ளை சாப்பிடாதேங்கோ எண்டா. அம்மா ரெண்டு பேற்றை சொல்லையும் கேட்டவ. அதுதான் அவ செய்த பிழை.”

டொக்டர் பேனையை மூடி வைத்தார். அந்தப் பேனைக்கு மூடி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அம்மாவை இருக்கச் சொன்னார். வியர்த்ததா, பசித்ததா, என்ன நேரம் குளிசை போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் குரல் இறங்கி, “இதை ஏன் அம்மா என்னட்டை முதலே கேக்கேல்ல?” என்றார்.

“நீங்கள் நிமிந்து பாத்தாத்தானே டொக்டர் கேக்கிறது” என்றார் அம்மா. இவ்வளவு காலமும் என் வாய் யாரிடமிருந்து வந்தது என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

டொக்டர் கோபிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. குளிசையைக் குறைத்தார். இரத்தம் எடுக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, பரிசோதனைக்கு வருகிறவர்கள் இரத்தம் கொடுத்து, சாப்பிட்ட பிறகுதான் குளிசை போட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். நானாவுக்கு எழுதிய ஊசித் துண்டைத் திரும்ப வாங்கி, அடுத்த கிழமை புதிதாகச் சோதித்துப் பார்ப்போம் என்றார். அதற்குப் பிறகு அம்மா போகும்போதெல்லாம் முதலில் முகத்தைப் பார்க்கிறார், சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார். அதற்காக அவருக்கும் எங்கள் நன்றி உண்டு.

நானாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. நாங்கள் அவருக்கு யார்? ஒரே பஸ்ஸில் வந்தவர்கள், அவ்வளவுதான். சாவடியில் யாராவது வியர்த்துத் தடுமாறினால், சனமெல்லாம் இன்றைக்கும் ஓர் அடி பின்னால்தான் வைக்கிறது, அதில் பிழை சொல்லவும் முடியாது. நான் மட்டும், பயத்தோடுதான், ஓர் அடி முன்னால் வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.