ஆம்ப்ரோஸின் குடை

ஜன்னல் கண்ணாடியில் இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலைகளை விரல்களால் அழுத்தியபடி ஆம்ப்ரோஸ் உதட்டைச் சுழிப்பார். அடியில் இருப்பது செயற்கைக்கோள் எடுத்த நீராவிப் படம். கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதில் வெளுப்பாகவும் வறண்ட காற்று கறுப்பாகவும் விழும். மேலே, கணினி கணித்த ஈரப்பத வரைபடம். மெல்லிய தாளில் அவரே நகலெடுத்தது. இரண்டும் பொருந்தினால் சீட்டியடிப்பார். பொருந்தாவிட்டால், "டேய் மாடலு, இங்க வா லா!" என்று கணினியைக் குறும்புக்காரப் பையனைப்போல் கூப்பிடுவார்.

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பஸ் மாறி மாறி வானிலை நிலையத்துக்குப் போகிற இவர், வெயில் கொளுத்தினாலும் கறுப்புக் குடை இல்லாமல் வெளியே இறங்க மாட்டார். தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வெட்டும் ஹனீபாவுக்குக் கிண்டலடிக்க அது போதும்.

"என்ன மழை ஆபீசரே, ரேடியோல மழை இல்லைங்கறீங்க, கையில குடை! யாரை நம்புறது?"

"நீங்க நெஞ்செலும்பா பாத்துப் போடுங்க பாய். வானத்தை நான் பாத்துக்கறேன்."

போன டிசம்பரில், மாதா தேர்ப் பவனிக்கு மழை வராது என்று வாக்குக் கொடுத்தார். அன்று அவசரத்தில் நீராவிப் படத்தைப் பார்க்கவில்லை. வரைபடத்தை மட்டும் நம்பினார். பாதி வழியில் கொட்டித் தீர்த்தது. தேவதூதராக, சம்மனசு வேடமிட்ட மகள் தங்கத்தின் காகிதச் சிறகு கூழாகிவிட்டது. "அப்பா ஆபீஸ் வேஸ்ட்டு," என்று அவள் அழுதாள்.

இந்த ஆண்டு, 1988இல், பவனி நாளுக்கு வரைபடம் அடைமழை என்றது. பவனிக் குழுத் தலைவி அந்தோனியம்மாள் தேரைக் கோயிலுக்குள்ளேயே நிறுத்த முடிவு செய்திருந்தார். ஆம்ப்ரோஸ் தாள்களைக் கண்ணாடியில் வைத்தார். வரைபடம் ஈரம் என்ற இடத்தில், தென்சீனக் கடலிலிருந்து வறண்ட காற்றின் கறுப்பு நாக்கு ஒன்று நீண்டிருந்தது. அடுத்து வந்த படத்தில் அது சிங்கப்பூரை நெருங்கியிருந்தது. போனை எடுத்தார்.

"தேரை வெளிய எடுங்கக்கா."

"போன வருசமும் இதைத்தான சொன்னே தம்பி?"

"போன வருசம் படம் பாக்கல. இப்பப் பாத்துட்டேன். மாடல்தான் தப்பு."

"நனைஞ்சா மாதா மன்னிப்பாங்க. நான் மன்னிக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

பவனியன்று மாலை, வடக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கூட்டம் வானத்தைப் பார்த்தது. புதுச் சிறகுகளோடு தங்கம் அப்பாவைப் பார்த்தாள். ஆம்ப்ரோஸ் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. குடையைக் கோயில் கேட்டில் மாட்டிவிட்டு, தேரைச் சுமக்கும் கட்டையை இரு கைகளாலும் பிடித்துத் தோளில் ஏற்றினார்.