விழாத சிப்பாய்

முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார். பிறகு பின்சக்கரத்தை. மணியில் ஒரு தட்டு, பிரேக்கில் இரண்டு பிடி, மறுபடியும் முன்சக்கரம். வாடகைக்கு எடுக்க வந்தவருக்கு இதற்குள் நடந்தே போயிருக்கலாம் என்று தோன்றிவிடும். அப்போதும் இளையபெருமாள் வண்டியை விடுவதில்லை. அது எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிய வேண்டும். ஆனால் கிளம்புகிறவரை "எங்கே" என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். ஆகவே, "வடக்கயா, தெக்கயா?" என்பார். வடக்கு என்றால், "மலைக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?" என்பார். இப்படி நாலு கேள்வியில் சிங்கவரத்து மச்சினன் வீட்டு வாசல்வரை போய்ச் சேர்ந்துவிடுவார்.

செஞ்சி பஜாரில், பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே அவருடைய சைக்கிள் கடை. பதினோரு வண்டிகள். மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் எண்கள். ஏழுக்கு அடுத்தது ஒன்பது. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"எட்டுல ஏறி எவன் உருப்பட்டான், நர்சம்மா?"

"எட்டு என்று ஒரு வண்டியே இல்லையே, யார் ஏறினார்கள்?"

"அதான் எல்லாரும் நல்லா இருக்கிறாங்க."

அவரை எனக்குத் தெரிந்தது அவர் மனைவி ஆதிலட்சுமியின் வழியாக. நான் பிரசவ வார்டில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்பது சர்க்காரின் கணக்கு. பிள்ளை பெறுகிறவர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை. ஆதிலட்சுமிக்கு முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே போயிற்று. இரண்டாவது நல்லபடியாகப் பிறந்து, பால் குடித்து, பதினோராம் நாள் தூங்கினபடியே போயிற்று. காரணம் டாக்டருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மூன்றாவது தரித்ததும் இளையபெருமாள் காரணங்களைத் தாமே கண்டுபிடிக்கத் தொடங்கினார்.

கர்ப்பிணியின் புருஷன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்தது. பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டைக் கடைப்பிடித்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். இவர் எதையும் விடவில்லை. சுவரில் ஆணி அடிக்கவில்லை. பூசணிக்காய் நறுக்கவில்லை. சாவு மேளம் கேட்டால் கடையின் தட்டியைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வார். ஐந்தாம் மாதத்தில் தாடி நெஞ்சைத் தொட்டது. தாடிக்கும் தொப்புள்கொடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன்.

"இல்லன்னா போவட்டும். இருந்துட்டா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு எங்கள் படிப்பில் பதில் சொல்லித் தரவில்லை.

அந்தத் தாடிதான் அவரைச் சினிமாவில் கொண்டுபோய் நிறுத்தியது. போன வருஷம் பங்குனியில் ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் யுத்தப் படம் எடுக்கப் பட்டணத்திலிருந்து வந்தார்கள். தொண்ணூறு சிப்பாய்கள் வேண்டும். தாடி உள்ளவர்களுக்கு முதலிடம் என்றார்கள். பஜாரே திரண்டு போயிற்று. குதிரை வரும், பீரங்கி வெடிக்கும், ரத்தம் ஆறாக ஓடும் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்குக் கிடைத்தது கறுப்பு வேட்டி அல்லது வெள்ளை வேட்டி, தீட்டாத மரக்கத்தி ஒன்று. டைரக்டர் ஒல்லியான இளைஞர். அவருடைய யுத்தத்தில் ரத்தம் கிடையாது, கூச்சல் கிடையாது. ஒரு முரசு மட்டும். ஒரு அடிக்கு எல்லாரும் வலது காலைத் தூக்க வேண்டும். அடுத்த அடிக்குத் திரும்ப வேண்டும். நீளமாக அடித்தால் இரண்டு சேனையும் ஒரே சமயத்தில் விழுந்து சாக வேண்டும்.

"இன்னாடா இது, சண்டைக்கு வந்தமா, கும்மி கொட்ட வந்தமா?" என்றான் பிலவேந்திரன். வல்லத்துக் கொத்தனார். இளையபெருமாளுக்குப் பக்கத்து வரிசைச் சிப்பாய்.

இளையபெருமாள் நன்றாகவே சண்டை போட்டார். சக்கரத்தை மூன்று தரம் அமுக்குகிற மனிதர் தாளம் தப்புவாரா. இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் சாவு என்று சொன்னபோதுதான் அவர் வரிசையை விட்டு அசிஸ்டென்டிடம் போனார். வெயிலில் மயங்குகிறவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுப்பதற்காக என்னை ஒரு பந்தலில் உட்கார வைத்திருந்தார்கள். அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"சார், நான் வுழ மாட்டேன்."

"செத்த மாதிரி படுக்கணும்யா, அவ்வளவுதான்."

"மாதிரி கூட வேணாம் சார். வூட்ல ஏழு மாசம்."

"சரி, சாவ வேணாம். அடுத்த சீன்ல பொணத்தத் தூக்கிட்டுப் படி ஏறு."

"அது அதவிட ஆவாது சார். சண்ட போடறேன். எவ்ளோ நேரம் வேணாலும் போடறேன்."

அசிஸ்டென்டுக்குத் தலைக்கு மேல் வேலை. ஓர் ஆள் குறைந்தால் வரிசை கோணும். ஆகவே அவரைத் தோளைப் பிடித்து நடுவில் நிறுத்திவிட்டு, தானாக விழுவார் என்று நம்பிக்கொண்டு போய்விட்டார்.

முரசு நீளமாக ஒலித்தது. எண்பத்தொன்பது பேர் அறுத்துப் போட்ட கதிர் மாதிரி சாய்ந்தார்கள். நடுவில் இளையபெருமாள் மட்டும் நின்றார். நிற்கிறவன் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தராததால் குனிந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். எல்லாரும் தினமும் சைக்கிள் எடுக்கிறவர்கள்.

பந்தலுக்குக் கேட்கும் தூரத்தில், அவர் காலடியில் செத்திருந்த பிலவேந்திரன் உதட்டை அசைக்காமல் பேசினான்.

"அண்ணே, வுழுண்ணே. பாறை முதுகத் தோசையா சுடுது. உன்னால மறுபடியும் சாவணும் நாங்க."

"நீ படு. உன்ன நான் எழுந்திருன்னு சொன்னனா?"

"பொண்டாட்டிக்குப் பயந்தவன்லாம் பட்டாளத்துக்கு ஏண்ணே வர்றீங்க?"

"பொண்டாட்டிக்கு இல்லடா" என்றார்.

மைக்கில் அசிஸ்டென்ட் கத்தத் தொடங்கினார். டைரக்டர் கையை உயர்த்தி அவரை அடக்கினார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. என் கடிகாரத்தில் நாலு நிமிஷம். பிறகு டைரக்டர் கேமரா மேடையிலிருந்து இறங்கி வந்து, கலங்கின கண்ணோடு, "இது உங்களுக்கு எப்படித் தோணிச்சு?" என்று கேட்டார்.

"எனக்குத் தோணலீங்க. மொதல்லயே சொல்லிட்டேன்" என்றார் இளையபெருமாள்.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாராம். ஆதிலட்சுமி கேட்டாளாம்: "அத்தினி பேரு பொணமா கெடக்கறப்ப நடுவுல நின்னியே, அது மட்டும் நல்லதா?" அதை அவர் யோசித்திருக்கவில்லை. மூன்று தரம் தலை முழுகிவிட்டு ஈரத் தாடியோடு விடியும்போது என் வாசலில் நின்றார். எண்பத்தொன்பது பேர் செத்த இடத்தில் நின்றால் தீட்டு உண்டா என்று கேட்டார். எண்பத்தொன்பது பேரும் படக்காரர்கள் கொட்டகையில் இட்லி தின்கிறார்கள், போய்ப் பார் என்றேன். போய்ப் பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறந்தார்.

வைகாசியில் வலி கண்டது. குழந்தை கால் முன்னே வந்தது. பிறந்த பிறகு அழுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டது. நானும் அதன் முதுகைத் தேய்த்து, மூக்கையும் வாயையும் துடைத்து, ஊதி, ஒரு வழியாக அழவைத்தேன். பெண். கதவைத் திறந்து சொன்னபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "பார்த்தீங்களா, நான் வுழல." நான் இரண்டு மணி நேரம் பட்ட பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. பிழைத்திருக்க வேண்டும் என்று குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு முறை புரட்டி எடுத்து, குப்பம்மாள் என்று பெயர் வைத்தார்கள். புரட்டின பிறகு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள் என்றேன். அதையாவது கேட்டார்கள்.

படம் பட்டணத்தில் இரண்டு வாரம்கூட ஓடவில்லை என்று கேள்வி. ஆனால் யாரோ ஒரு பத்திரிகையில், சவங்களின் நடுவே நிற்கும் அந்த ஒற்றை மனிதன் மனித குலத்தின் மனச்சாட்சி என்று எழுதியிருந்தார்கள். துண்டை வெட்டிக் கொண்டுவந்து கடையில் படித்துக் காட்டினேன். பஞ்சர் பார்க்கிற தொட்டியில் ட்யூபை முக்கியபடியே கேட்டுக்கொண்டார்.

"அவ்ளோ பெரிய வேலையெல்லாம் நான் செய்யல, நர்சம்மா. யாருன்னா தப்பா எழுதிட்டாங்க" என்றார்.

போன மாசியில் படம் எங்கள் டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. செத்தவர்கள் எண்பத்தொன்பது பேரும் குடும்பத்தோடு முதலாட்டத்துக்கு வந்துவிட்டார்கள். பாட்டும் இல்லை, ரத்தமும் இல்லை. முதல் அரை மணி நேரம் கூட்டம் கடலையைத்தான் கவனித்தது. கோட்டை வந்ததும் நிமிர்ந்தது. முரசு ஒலித்து வரிசை சாய்ந்தபோது மணல் தரையில் குழந்தைகள் குதித்தன. "நைனா செத்துட்டாரு, தோ பாரு, நம்ப நைனா செத்துட்டாரு" என்று ஒரு பெண் சந்தோஷத்தில் தாயை உலுக்கினாள். செத்தவர்கள் மீசையை முறுக்கிக்கொண்டார்கள். ஆதிலட்சுமி என் பக்கத்தில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு நாளாவது நிம்மதியாகப் பார்க்கிறேன் என்று குழந்தையைப் புருஷனிடம் கொடுத்திருந்தாள்.

பிறகு திரை முழுவதும் அவர் ஒருவரே நின்றார். "சைக்கிள் கடடா" என்று யாரோ கத்த, ஒரே விசில். "இப்பவாவது வுழுண்ணே" என்றது பிலவேந்திரனின் குரல். கொட்டகையே சிரித்துக்கொண்டு ஆண்கள் பக்கம் திரும்பியது. தடுப்புக்கு மேலாக நானும் பார்த்தேன்.

திரையின் வெளிச்சம் அவர் மேல் நன்றாக விழுந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. மடியில் குப்பம்மாள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மூக்குக்குக் கீழே சுட்டுவிரலை வைத்தபடி அசையாமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து விரலை எடுத்து வேட்டியில் துடைத்தார். மறுபடியும் வைத்தார்.