இன்ஸ்பெக்ஷன் நாளில் போட்ட ஊசி

1. லேபர் ரூம் காலியாக வேண்டும்

குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் டாக்டர் என்னிடம் கேட்டது, "எப்போ முடியும்?" என்பதை மட்டும்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ஆம்பூரில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நான் மிட்வைஃப். பெயர் எஸ்தர். வேலூரில் பயிற்சி முடித்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இப்போது வேலைக்கு வரும் பெண்கள், "அந்தக் காலத்தில் கருவி ஏதும் இல்லையே, என்ன செய்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். கருவி இருந்தது. ஒரு சாண் நீள மரக்குழல். ஒரு முனையைத் தாயின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்தால் குழந்தையின் துடிப்பு கேட்கும். கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். நிமிடத்துக்கு நூற்றிருபதிலிருந்து நூற்றறுபது வரை இருந்தால் பயமில்லை. அவ்வளவுதான் கணக்கு.

ஹலீமா காலை ஆறு மணிக்கு வந்தாள். வயது பத்தொன்பது, தலைப்பிரசவம். கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. அக்கா ஜுபைதா கூட இருந்தாள். பெண்கள் அந்நிய ஆண்கள் முன் வராத கோஷா குடும்பம் என்பதால் டாக்டர் திரைக்கு வெளியே நின்றுதான் பேசுவார். ஆபத்து நேரத்திலும் உள்ளே வரக் கூடாதென்று அவர்கள் சொன்னதே இல்லை. திரை அவருக்குத்தான் சௌகரியமாக இருந்தது.

எட்டு மணிக்குத் துடிப்பு நூற்று நாற்பது. பத்தரைக்கு நூற்றுப்பத்து. ஒவ்வொரு வலிக்குப் பிறகும் இறங்கியது, மெதுவாகத்தான் ஏறியது. பதினொரு மணிக்குப் பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாக வந்தது. குழந்தை உள்ளே திணறுகிறது என்று அர்த்தம். வெளியே ஓடினேன்.

"சார், ஹார்ட் சவுண்டு கம்மியாய்க்கினே போவுது. தண்ணி பச்சையா வருது. ஒருவாட்டி வந்து பாருங்க."

"மூணு மணிக்கு வேலூர்லருந்து பெரிய ஆபீசர் இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றாரும்மா. அதுக்குள்ள லேபர் ரூம கழுவி, பினாயில் போட்டு, காலியா வெக்கணும். எப்போ முடியும், அத சொல்லு."

"கர்ப்பவாய் இன்னும் முழுசா தெறக்கல சார். வேலூர் லேடி டாக்டர்கிட்ட அனுப்பிடலாம். மேஸ்திரியோட மொதலாளி கார் குடுக்கறேன்றாரு."

"இன்னிக்குப் பார்த்து கேஸ அங்க அனுப்பினா என்னப் பத்தி இன்னா நெனைப்பாங்க? பிட்யூட்ரின் போடு. தானா முடிஞ்சிடும்."

பிட்யூட்ரின் வலியைக் கூட்டும் ஊசி. திணறும் குழந்தைக்கு, வலிக்கும் வலிக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்சம் பிராணவாயுவையும் அது பறித்துவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கொதிநீரிலிருந்து சிரிஞ்சை எடுத்தேன். போட்டேன்.

2. "தரை மிகச் சுத்தம்"

ஒன்றே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உடம்பு நீலம், கையும் காலும் துணிபோலத் தொங்கின. தொண்டைச் சளியை எடுத்து, வாயோடு வாய் வைத்து ஊதி, வெந்நீரிலும் குளிர்ந்த நீரிலும் மாற்றி மாற்றி முக்கினேன். இருபது நிமிடம் கழித்து ஒரு முனகல் வந்தது. அதை அழுகை என்று சொல்ல முடியாது.

மூன்று மணிக்குப் பெரிய ஆபீசர் வந்தார். லேபர் ரூம் தரை மிகச் சுத்தம் என்று புத்தகத்தில் எழுதினார். அடுத்த அறையில் கிடந்த குழந்தையைப் பார்க்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. டாக்டரும் காட்டவில்லை.

மறுநாள் டாக்டர் பிரசவ ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா இது, நூத்திப்பத்து, தொண்ணூறுன்னு எழுதி வெச்சிக்கிற? கடைசிவரைக்கும் நார்மல்னு மாத்து."

"கேட்டதத்தான் எழுதினேன் சார். மாத்தமாட்டேன்."

அவரே அடித்துவிட்டு எழுதினார். பக்கத்தில், 'குடும்பத்தார் தாமதமாகக் கொண்டுவந்தனர்' என்றும் சேர்த்தார். விடியும்போதே வந்து காத்திருந்தவர்களைப் பற்றி எழுதிய வரி அது.

3. ஹலீமா கேட்டது

எட்டு மாதம் கழித்து அக்காவும் தங்கையும் என் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தைக்குப் பெயர் ஷமீம். கழுத்து நிற்கவில்லை. விரல்கள் இறுக மூடியே இருந்தன. நாளுக்கு நாலைந்து தடவை ஃபிட்ஸ்.

ஜுபைதாதான் முதலில் பேசினாள். "தோல் ஷாப்பு நாத்தம்தான் வயித்துப் புள்ளய தாக்கிச்சுன்றாரு டாக்டரு. மாமியார் வீட்ல இவ ராசி சரியில்லன்றாங்க. நீங்க சொல்லுங்க நர்ஸம்மா, எங்க பொண்ணு இன்னா தப்பு பண்ணா?"

"அவ ஒண்ணும் பண்ணல. தப்பு எங்களுது" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். துடிப்பு இறங்கியது, கார் தயாராக இருந்தது, ஊசி, ரிஜிஸ்டர், எல்லாம்.

ஹலீமா அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"ஊசி போட்டா கொழந்தைக்கு ஆவாதுன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எழுந்து போயிருப்பேனே. நடந்தாவது போயிருப்பேன். ஏன் சொல்லல?"

வேலை போய்விடும் என்று பயந்தேன். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மேஸ்திரி புகார் எழுதினார். விசாரணையில் நான் சாட்சி சொன்னேன். டாக்டரை இதைவிடப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மேலதிகாரியை எதிர்த்துப் பேசியதாக எனக்கு மெமோ கொடுத்து, நாட்றம்பள்ளிக்கு அனுப்பினார்கள். ஷமீம் ஒன்பது வயதுவரை இருந்தாள். ஒருநாளும் நடக்கவில்லை.

4. நாட்றம்பள்ளி

அங்கே போன முதல் மாதமே இன்னொரு டாக்டர் அதே ஊசியைப் போடச் சொன்னார். துடிப்பு தொண்ணூற்றைந்து. கட்டிலில் இருந்த பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்:

"கொழந்தைக்கு மூச்சு பத்தல சார். நான் போடமாட்டேன். மொதல்ல நீங்க காத வெச்சுக் கேளுங்க."

திட்டினார். வேலையைவிட்டு நீக்குவேன் என்றார். அந்த அம்மா எழுந்து வந்து, "கேளு சாமி, கேட்டா இன்னா கொறஞ்சி பூடும்?" என்றாள். அவர் குனிந்து கேட்டார். ஒரு நிமிடம் முழுதாகக் கேட்டார். நிமிர்ந்ததும் ஆயுதம் போட்டு, அதாவது இடுக்கியால் தலையைப் பிடித்து, குழந்தையை எடுக்க ஏற்பாடு செய்யச் சொன்னார். குழந்தை பிறந்த உடனே வீறிட்டு அழுதது.

ஆகவே வேலைக்குப் புதிதாக வரும் பெண்களே, கால் மணிக்கு ஒருமுறை கேளுங்கள். கேட்டதை மையில் எழுதுங்கள். குறைந்தால் டாக்டரிடம் மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள், அந்தத் தாயிடமும் சொல்லுங்கள். குழந்தை அவளுடையது. நாட்றம்பள்ளியில் நான் சொன்னதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆம்பூரில், நீர் பச்சையாக வந்ததிலிருந்து எனக்கு முழுதாக இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது.