அத்தானின் குரல் இருந்த ஹார்ட் டிஸ்க்

அத்தான் எடுத்த வீடியோ எதிலும் அத்தான் இருக்க மாட்டார். கேமராவை அடுத்தவர் கையில் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள் என்று பயம். அதனால் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் நாங்கள்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போம்.

ஒரே ஒரு வீடியோவில் அவர் குரல் உண்டு. சாரல் சமயத்தில் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். குளித்துவிட்டு ஈரத்தலையோடு அக்கா மிளகாய் பஜ்ஜி தின்றபடி வருவாள். கேமராவுக்குப் பின்னால் இருந்து அத்தான் அவளைக் கேலி செய்துவிட்டு, அவரே சிரிப்பார்.

பட்டன் போன் காலத்திலேயே அத்தான் போய்விட்டார். வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை பேசி அனுப்பியவரில்லை. அந்த வீடியோவும் ஆய்க்குடி வீட்டில் அவருடைய பழைய கம்ப்யூட்டரில்தான் கிடந்தது. அவர் போன மறுவருஷமே அதுவும் ஓடாமல் நின்றுவிட்டது. போன மாதம் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"ஏலே, அவிய சத்தம் கொஞ்சங் கொஞ்சமா எனக்கு மறந்துட்டு வருதுலே. அந்தப் பெட்டியில இருந்து எப்படியாவது எடுத்துக் குடு."

பெட்டியை பிளாஸ்டிக் சாக்கில் சுற்றி, தூறலோடு தூறலாக பைக்கில் தென்காசிக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினார். மாட்டிப் பார்க்கக்கூட இல்லை, புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இத யாரு தொறந்தது? பாதி ஸ்குரூவக் காணும்."

மூடியை எடுத்தார். உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கிற வட்டத் தட்டு. அதன் மேல் காய்ந்த சந்தனம், சந்தனத்துக்கு மேல் குங்குமம்.

"பொட்டு வச்சிருக்கு அண்ணாச்சி!" என்று சிரித்துவிட்டார். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று கோபம் வந்தது. ஆனால் அவரா பொட்டு வைத்தார்?

ஆயுத பூஜைக்கு அத்தான் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தூசி தட்டி, மறுபடி மூடி, வெளியே சந்தனம் குங்குமம் வைப்பார். அவருக்குப் பிறகு அக்கா அந்தப் பூஜையை விடவில்லை என்று எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் உள்ளே போயிருப்பாள் என்று தெரியாது.

"சென்னைக்கு அனுப்பினா?" என்றேன்.

"அனுப்பலாம். அவங்களும் இதத்தான் சொல்லுவாங்க. ஈரத்துணிய வச்சுத் தேச்சிருக்காவ, வீடியோ எல்லாம் பதிஞ்சிருக்க தட்டு பூராக் கீறல். பேக்கப் எடுக்கலயா அண்ணாச்சி?"

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. கேட்கிறவர்கள் ஏதோ தங்கள் வீட்டில் எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக எடுத்து அடுக்கி வைத்திருக்கிற மாதிரி.

ஆய்க்குடிக்குத் திரும்பும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். அக்கா வாசலிலேயே நின்றாள்.

"பழசுக்கா. உள்ள எல்லாம் போயிட்டாம்," என்றேன்.

"எப்படிலே போவும்? அவிய செஞ்ச மாதிரி வருஷம் தவறாம பூசை போட்டேம்லா. அவியளாவது வெளி மூடியத்தான் தொறப்பாவ. நான் உள்ள இருந்த சின்னப் பெட்டியவும் தொறந்து, ஒரு பொட்டுத் தூசி இல்லாமத் தொடச்சு வச்சேன்."

இவளிடம் எந்த வாயால் சொல்வது? அன்றைக்குப் போல நான் கையாலாகாமல் நின்றதே இல்லை. அழவும் முடியவில்லை, அழுதால் ஏன் என்று கேட்பாள்.

காப்பி கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "அவிய என்னய எப்படிக் கூப்பிடுவாவ? நீ ஒருதரம் கூப்பிட்டுக் காட்டேன்லே," என்றாள்.

அக்காவை நான் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. கூச்சமாக இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏட்டி," என்றேன்.

"இப்படி இல்லலே."

குரலைத் தடிப்பாக்கி, கடைசி எழுத்தை இழுத்து, மறுபடி கூப்பிட்டேன்.

"இப்படியாக்கா?"

கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்தாள்.

"தெரியலயேலே," என்றாள்.