இங்கனன்னா எங்கன?

ஜீவமணி வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை போனதும் நான்காவது தடவை பார்க்க வேண்டும்போல் இருக்கும். கல்யாணமான புதிதில் அவள் புருஷன் ஜேசுபாதம் இதற்குக் கோபப்பட்டான். பிறகு கேலி செய்தான். இப்போதெல்லாம் தெருமுனையில் தானாகவே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவள் நடந்து போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து ஏறிக்கொள்வாள். நாற்பத்தேழு வயதுக்கு மேல் இதை மாற்ற முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நாசரேத்துக்காரி. சாயர்புரத்தில் படித்தது கணிதம். தூத்துக்குடியில், துறைமுகம் போகும் சாலையில் இருக்கும் டாக்டர் பொன்னுதுரையின் ஸ்கேன் சென்டரில் பதினெட்டு வருஷமாக வேலை. வந்தபோது வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தாள். பிலிம் காலம் போய்ப் படங்களெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனபோது, ஒரு மெஷின் ஏதோ சத்தம் போடுகிறது, கொஞ்சம் பாரும்மா என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து மெஷின்களெல்லாம் அவள் பொறுப்பு. சம்பளச் சீட்டில் மட்டும் இன்னும் ‘வரவேற்பு’ என்றே இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மெயின் மெஷினின் டிஸ்க் செத்துப்போனது. அவள் பதறவில்லை. தினமும் காலையில் வந்ததும் பேக்கப் திரையைத் திறந்து, பச்சை டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பாள். எட்டு மாதமாகப் பச்சைதான். பேக்கப்பைத் திறந்தால் நோயாளிகளின் பெயர் போட்டு வரிசை வரிசையாக ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றுக்குள்ளும் படம் இல்லை. பூட்டை மூன்று தடவை இழுக்கிறவள் எட்டு மாதமாகக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அந்த எட்டு மாதத்துக்குள்தான் ஜேசுபாதத்தின் நெஞ்சு ஸ்கேனும் இருந்தது. அவன் துறைமுகத்தில் இறங்கும் சரக்கை எண்ணி எழுதும் டாலி கிளார்க். இருமல் நிற்கவில்லை என்று எடுத்தது. வலது நுரையீரலில் சிறு புள்ளி, ஆறு மாதம் கழித்துப் பார்க்கவும் என்று காகிதத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்தபோதும் புள்ளி இருந்தது. வளர்ந்திருக்கிறதா, இருந்தபடி இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க டாக்டர் பழைய படத்தைக் கேட்டார். படம் போய்விட்டிருந்தது. இன்னும் மூன்று மாதம் பொறுத்து மறுபடி எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

அந்த மூன்று மாதமும் ஜேசுபாதம் எப்போதும்போல் சாப்பிட்டான், எப்போதும்போல் குறட்டை விட்டான். ஜீவமணி நாலு கிலோ இளைத்தாள். கடைசியில் புள்ளி அதே அளவில்தான் இருந்தது. ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அவன் அன்றைக்கே மறந்துவிட்டான். அவளால்தான் அதற்குப் பிறகு எந்தப் பச்சை டிக்கையும் நம்ப முடியவில்லை.

இந்த வருஷம் டாக்டர் ஒரு புது ஸ்டோரேஜ் பெட்டி வாங்கினார். பகலில் ஸ்கேன் ஓடும்போது பேக்கப்பும் ஓடினால் மெஷின் திணறும். அதனால் பெட்டி, டிஸ்க்கை ஒரு நொடியில் இருந்தது இருந்தபடி உறையவைத்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும். அதை இன்னொரு மெஷின் வாங்கிக்கொண்டு சாவகாசமாகக் காப்பி எடுக்கும். அந்த இன்னொரு மெஷின் சாலைக்கு எதிர்ப்புறம், டாக்டரின் ரத்தப் பரிசோதனை லேபில் இருந்தது. சென்டரிலிருந்து அங்கே வரைக்கும் சாலைக்கடியில் கேபிள் போட்டிருந்தார்கள்.

இதையெல்லாம் அமைத்துக் கொடுக்க சென்னையிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தான். இரண்டு மெஷினுக்கும் என்ன பெயர் வைக்க என்று அவன் கேட்டபோது ஜீவமணியும் ரேடியோகிராபர் வேல்ராஜும் கேபிளைப் பற்றி அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள். இங்கன ஒண்ணு, அங்கன ஒண்ணு என்று வேல்ராஜ் கையை நீட்டிக் காட்டினான். இன்ஜினியர் அதையே பெயராக அடித்துவிட்டான்: சென்டர் மெஷின் ‘இங்கன’, லேப் மெஷின் ‘அங்கன’. டிஸ்க்குகளும் ‘இங்கன ஒன்று’, ‘இங்கன இரண்டு’ என்று ஆறு வரை ஆயின. ஸ்னாப்ஷாட்டுகள் ‘அங்கன ஒன்று’, ‘அங்கன இரண்டு’. சாயங்காலம் ஊருக்குக் கிளம்பும்போது, அங்கனா நல்ல பெயர், உங்கள் மகளா சார் என்று டாக்டரிடம் கேட்டான். வேல்ராஜ் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தான். பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை பேக்கப் ஓடத் தொடங்க வேண்டும். எல்லாம் ஓகே மேடம், டெஸ்ட்டெல்லாம் தேவையே இல்லை என்று சென்னையிலிருந்து போன் வந்தது. எல்லா டிஸ்க்கும் ஸ்னாப்ஷாட்டுக்குச் சரியாக வராது என்பதை ஜீவமணி படித்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, எதிர் மெஷினில் ஏற்றி, படத்தைத் திறந்து கண்ணால் பார்க்காமல் விடமாட்டேன் என்றுவிட்டாள். அதற்கு சென்டர் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. ஆராதனை முடிந்து, கோயிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு அப்படியே வந்தாள். மாப்பிள்ளையூரணியிலிருந்து வேல்ராஜ் முணுமுணுத்துக்கொண்டே வந்து சேர்ந்தான்.

பெட்டியை ஆளும் திரை சென்டரில் மட்டும்தான் உண்டு. ஜீவமணி அதன் முன்னால் உட்கார்ந்தாள். வேல்ராஜை லேபுக்கு அனுப்பினாள். அவள் ஸ்னாப்ஷாட் எடுப்பாள். அவன் அங்கே படத்தைத் திறந்து பார்த்துச் சொல்லுவான். பிறகு அவள் அந்தச் சோதனை ஸ்னாப்ஷாட்டை அழித்துவிடுவாள். அது கிடந்தால் திங்கட்கிழமை ஓட்டத்துக்குப் பெட்டியில் இடம் இருக்காது. அங்கன உள்ளதை அழிக்கிறேன், அங்கன உள்ளதை அழிக்கிறேன், அங்கன உள்ளதைத்தான் அழிக்கிறேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் பட்டனைத் தட்டுவாள். மூன்றாவது டிஸ்க் மட்டும் முரண்டு பிடித்தது. அதில் ஏதோ ஒரு புரோகிராம் திறந்து கிடந்தது. மூடியதும் வழிக்கு வந்தது. பன்னிரண்டு மணிக்குள் ஐந்து முடிந்தன.

ஆறாவது சி.டி. ஸ்கேன் டிஸ்க். எல்லாவற்றிலும் பெரியது. ஜேசுபாதத்தின் பிந்தைய இரண்டு படங்களும் அதில்தான் இருந்தன. இதை நான் அங்கே போய் என் கண்ணால் பார்க்கிறேன், நீ இங்கே வா என்று வேல்ராஜைக் கூப்பிட்டுவிட்டு அவள் லேபுக்குப் போனாள்.

அவன் ஸ்னாப்ஷாட் எடுத்துக் கொடுத்தான். அவள் முதலில் திறந்தது புருஷனின் நெஞ்சைத்தான். வேறு யாருடைய படத்திலும் எது எங்கே இருக்க வேண்டும் என்று அவளுக்கு இத்தனை நிச்சயமாகத் தெரியாது. முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். நூற்றெழுபத்து மூன்றாவதில் புள்ளி. இருந்தது. வேறு ஐம்பது பேரின் படங்களையும் திறந்து மூடினாள். எல்லாம் தெளிவாக இருந்தன. போனில் வேல்ராஜ் காத்திருந்தான்.

“நல்லாருக்கு வேல்ராஜு. இங்கன உள்ளத அழிச்சிரு.”

“இங்கன உள்ளதையாக்கா?”

“ஆமா, இங்கன உள்ளதத்தான்.”

“சரிக்கா” என்றான். இணைப்பு அறுந்தது. ஸ்கேன் அறைச் சுவர்களில் ஈயத் தகடு அடித்திருப்பதால் சென்டருக்குள் சிக்னல் அப்படித்தான், வரும் போகும்.

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது திரையின் ஓரத்தில் மெஷினின் பெயர் தெரிந்தது. அங்கன. தான் உட்கார்ந்திருப்பதுதான் அங்கன. வேல்ராஜ் உட்கார்ந்திருப்பதுதான் இங்கன. அவனுக்கு முன்னால் திரையில் ‘இங்கன ஆறு’ என்று இருப்பது மூல டிஸ்க். மூலம் போனால் அதைத் தொற்றிக்கொண்டிருக்கும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போகும். பேக்கப் என்று ஒன்று நாளைக்குத்தான் பிறக்கப் போகிறது.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. இன்னொரு தடவை போட்டாள். செருப்பை மாட்டாமலே இறங்கி ஓடினாள்.

சாலையில் துறைமுகம் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றின் வாலில் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. நடுவில் புக இடமில்லை. தார் காலைச் சுட்டது. காலை மாற்றி மாற்றி வைத்தபடி எதிரே சென்டரின் கதவைப் பார்த்தாள். மெதுவாக நகர்ந்த ஒரு டிரெய்லரின் டிரைவர் பட்டுச்சேலையைப் பார்த்துவிட்டு, கோயிலுக்கு நேரமாயிட்டோ என்று கேட்டுக்கொண்டே போனான். இந்நேரம் அழித்திருப்பான். சாயர்புரத்திலிருந்தும் கயத்தாறிலிருந்தும் வருகிறவர்கள் நாளைக்கு வந்து பழைய படத்தைக் கேட்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூன்று மாதம். ஏழு வண்டிகள் போயின. எட்டாவது சற்றுப் பின்தங்கியதும் கையைக் காட்டிக்கொண்டு குறுக்கே விழுந்தாள்.

வேல்ராஜ் சென்டரின் வாசற்படியில் நின்று, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கையை இறக்கினான்.

“யக்கா, இங்கனன்னா எங்கன?”

அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். திரையில் டிஸ்க்கின் பெயரை அடிக்கச் சொல்லிக் கட்டம் வந்திருந்தது. ‘இங்கன ஆறு’ என்று அடித்தும் இருந்தான். நிச்சயமாக அழிக்கவா என்ற கேள்வி மட்டும் பாக்கி நின்றது. வேண்டாம் என்பதைத் தட்டினாள். பிறகு ‘அங்கன ஆறு’ எது என்று விரலை வைத்துப் பார்த்து அதை அழித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்தாள்.

“தட்டியிருப்பியாலே?”

“தட்டத்தான் போனேன்” என்றான் வேல்ராஜ். “நீங்க எதையும் மூணு தடவ சொல்லுத ஆளு. இன்னைக்கு ரெண்டு தடவதான் சொன்னிய. மூணாவது வரட்டும்னு பாத்தேன், லைன் கட்டாயிட்டு.”

மெஷின்களின் பெயரை மாற்ற வேண்டும் என்றாள் அவள். பெயரை மாற்றினால் பார்த்ததெல்லாம் செல்லாதே, ஆறையும் முதலிலிருந்து பார்க்க வேண்டுமே என்று அவன் மன்றாடினான். பார்ப்போம் என்றாள்.

இரண்டு மணிக்கு ஜேசுபாதம் தூக்குச்சட்டியோடு வந்தான். சோறு, சீலா மீன் குழம்பு, பொரித்த சாளை. அவன் சமைத்ததுதான், உப்புக் கொஞ்சம் தூக்கல். நடந்ததைக் கேட்டுவிட்டு, ஒரு மெஷினுக்கு சீலா, இன்னொன்றுக்கு சாளை என்று வைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது என்றான். இரண்டும் போனில் ஒன்றுபோல் கேட்கும் என்று ஜீவமணி தள்ளிவிட்டாள். சீலா இருக்கட்டும், இன்னொன்று நண்டு. டிஸ்க்குகளின் பெயரையும் ஸ்னாப்ஷாட்டுகளின் பெயரையும் திரையில் அப்படியே மாற்றிவிட்டு, சென்டர் மெஷின் சீலா, லேப் மெஷின் நண்டு என்று காகிதத்தில் எழுதி இரண்டு இடத்திலும் ஒட்டினாள்.

“சரித்தான்” என்றான் வேல்ராஜ். “சீலா டாக்டரோட ரெண்டாவது மவளான்னு கேக்கப் போறான் அந்தச் சென்னைக்காரன்.”

மறுபடி ஆறாவது டிஸ்க்குக்கு வந்தபோது மணி ஐந்தாகியிருந்தது. லேபில் அவள் பக்கத்தில் ஜேசுபாதம் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் தன் நுரையீரல் துண்டு துண்டாக ஓடுவதைப் பார்த்தான்.

“ஏளா, இன்னும் எத்தன தடவ இதையே பாப்ப?”

“எண்ணிக்கிட்டிருக்கேன், பேசாதீங்க.”

நூற்றெழுபத்து மூன்றில் நிறுத்தினாள். இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு வரை ஓட்டிவிட்டுப் போனை எடுத்து, நண்டை அழித்துவிடு என்றாள். நண்டா என்றான் வேல்ராஜ். நண்டு என்றாள். மறுமுனையில் சத்தமில்லை. இந்தத் தடவை லைன் கட்டாகவில்லை. அவன் காத்திருக்கிறான் என்று தெரிந்தது.

“நண்டுதான்” என்றாள்.

பட்டன் தட்டும் சத்தம் கேட்டது. அப்படியே சீலாவில் மூலப் படம் திறக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடச் சொல்ல அவள் வாயெடுத்தாள்.

“தொறந்துதான் வச்சிருக்கேன்க்கா” என்றான் வேல்ராஜ். “அண்ணன் நெஞ்சு அப்படியே இருக்கு.”