தம்பியின் லேப்டாப் திறந்த கதை

தம்பி காரியத்துக்கு வந்தோமா, சாப்பிட்டோமா என்று இருக்கக் கூடாதா? அவன் லேப்டாப் எப்படித் திறந்தது என்று ஆளாளுக்கு என்னைக் குடைந்தால் எப்படி? சரி, சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது தம்பி மகன், என் மருமகன். "அத்தே, அப்பாவ 'அவர்'னு போடட்டுமா?" என்றான். எனக்கு என்றைக்கும் 'அவன்'தான்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோர ஊரில் எனக்குப் பின் பிறந்தவன். சிறு வயதில் இருவரும் ராகிக் கொல்லையில் பரண்மேல் காவல் இருந்தோம். பிறகு ஓசூரில் கம்பெனி வேலை. ஷிப்ட் மாறி மாறி உழைத்து வீடு கட்டினான். யாரையும் கடிந்து பேசமாட்டான். அந்த வேலையை அவன் மனைவி பார்த்துக்கொண்டாள்.

அவள் செத்துப்போன பிறகு அவனுக்குப் பக்கவாதம் வந்தது. கை தேறியது, லேப்டாப் பாஸ்வேர்டு மட்டும் நினைவுக்கு வரவில்லை. அவள் பேசுகிற ஒரே வீடியோ அதற்குள் இருந்தது. கடைக்காரர், "உள்ள இருக்கறத அழிச்சாத்தான் திறக்கும்" என்றார். தம்பி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதான்.

தப்பாக அடித்தால், முன்பு அவனே எழுதி வைத்த குறிப்பு திரையில் வரும்: 'ராகியைத் தின்றது யார்?'

"ஆனைதான்டா, வேற யாரு?" என்றேன். மருமகன் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று எல்லாவற்றிலும் யானையை அடித்துப் பார்த்தான்.

"அத்தே, உங்க ஆனை வேலைக்கு ஆவல."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. தம்பி பக்கம் திரும்பினேன். "டேய், பரண்மேல உக்காந்திருக்கோம். கொல்லைக்குள்ள ஆனை பூந்திருச்சுடா!"

பதறிப்போய் என் வாயைப் பொத்தினான். "பேர் சொல்லாதக்கா! பெரியசாமி வந்திருக்காருன்னு சொல்லு!"

எங்கள் ஊரில் அறுப்பு முடியும்வரை யானையைப் பேர் சொல்லக் கூடாது, சொன்னால் வந்துவிடும். நான் மறந்துபோனேன், அவன் மறக்கவில்லை. மருமகன் 'பெரியசாமி' என்று அடித்தான். திறந்துகொண்டது.

வீடியோவில் அவள் அடுப்படியில் நிற்கிறாள். "களி கிண்டறப்ப என்ன படம் வேண்டிக் கெடக்கு? போயி தட்ட எடுத்து வைங்க!"

அதன்பின் கடைசி நாள்வரை, இந்தத் திட்டைக் கேட்ட பிறகுதான் தம்பி தட்டை எடுப்பான்.

அவசரப்பட்டு அழிக்காத கடைக்காரருக்கும், அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்வந்த ஆட்டோக்காரருக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பமே கைகூப்புகிறது.

லேப்டாப் திறந்த அன்று சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுப் பெண்கள், "அதுல வீட்டுப் பத்திரம் ஏதாச்சும் இருந்துச்சா பாட்டி?" என்றார்கள்.

"பத்திரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவன் பொண்டாட்டி திரும்பி வந்திருக்கா. வந்ததும் வராததுமா வைய ஆரம்பிச்சுட்டா. என் தம்பி நல்லாயிருக்கான், நீங்க போயி உங்க வேலயப் பாருங்க" என்றேன்.