பசி நின்ற மத்தியானம்

எனக்குப் பசி எப்போதும் இருந்தது. மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவும்போதே அடுத்த வேளையை நினைப்பேன். உடம்பின் கனத்தில் முழங்கால்கள் தேய்ந்திருந்தன. சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி. படுத்தால் மூச்சு அடைக்கும் என்று சாய்வு நாற்காலியிலேயே தூங்கினேன். பட்டினி கிடந்து இளைத்ததெல்லாம் ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே திரும்பி வந்தது.

நாகர்கோவிலில் ஒரு பெண் மருத்துவரிடம் அக்காதான் கூட்டிப்போனாள். "எனக்கு வாயக் கட்டத் தெரியாது டாக்டர்" என்று தலைகுனிந்து சொன்னேன். அவர் ஒரு தாளில் இரைப்பையை வரைந்தார்.

"உங்க தப்பு இல்லம்மா, இது நோய். பசியைத் தூண்டுறது பெரும்பாலும் இந்த மேல்பகுதிதான். இதையும் சேர்த்துப் பெரும்பகுதியை எடுத்துட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி ஆக்கிடுவோம்."

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். "ஏட்டி, நல்லா இருக்க வயித்தயா வெட்டப்போற?"

"நல்லா இருந்தா நான் ஏன்க்கா உக்காந்துட்டே உறங்குதேன்?"

அக்கா என் கையைப் பிடித்துப் படியிறக்கினாள்.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு வந்தபின் கொஞ்ச காலம் கஞ்சித்தண்ணியும் சூப்பும்தான். ஒரு மத்தியானம் அக்கா அடுக்களையில் மீன்குழம்பு கொதிக்க வைத்தாள். நல்ல மணம். உள்ளேயிருந்து அந்தப் பழைய கூப்பாடு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் திடீரென்று அலைச்சத்தம் நின்றுபோனதுபோல் இருந்தது.

"அக்கா, எனக்குப் பசிக்கல்ல."

கரண்டியோடு ஓடிவந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மற்றவர்களெல்லாம் இப்படித்தான் வாழ்கிறார்களா? இத்தனை அமைதியோடா?

எல்லாம் சுகமாகப் போகவில்லை. முடி கொத்தாக உதிர்ந்தது. அவசரப்பட்டு ஒரு வாய் விழுங்கினால் நெஞ்சு அடைத்தது. சத்து மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. ஆனால் உடம்பு இளைத்தது. இன்சுலின் குறைந்துகொண்டே வந்து நின்றது. கட்டிலில் மல்லாந்து படுத்து உறங்கினேன்.

ஒருநாள் குளிக்கும்போது கழுத்துக்குக் கீழே கல்போல ஏதோ தட்டுப்பட்டது. "அக்கா, கட்டி!" என்று அலறினேன். பதறி வந்து தடவிப் பார்த்தவள் சிரிக்கத் தொடங்கினாள். என் கையைப் பிடித்துத் தன் கழுத்தடியில் வைத்தாள்.

"ஏட்டி, எலும்புட்டி. எல்லாருக்கும் உள்ளதாக்கும்."

அன்று முழுவதும் என் கை அங்கேயே போய்க்கொண்டிருந்தது. நாற்பது வயதுக்குமேல் என் எலும்பை முதல்முறையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.